தரையில் நின்று செய்யும் வேலை

1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறினோம். எனக்கு 24 வயது. மண்டபம் அகதி முகாமில் சில வாரம், அப்புறம் மதுரை ஆனையூர் முகாம். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று அம்மா மூட்டைகளைப் பிரிக்கவே இல்லை. இப்போது எனக்கு 59.

இங்கே எனக்குக் கிடைத்தது பெயின்ட் வேலை. முகாமில் நிறையப் பேருக்கு அதுதான். சான்றிதழ் கேட்கமாட்டார்கள், மேஸ்திரி கூப்பிட்டால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட்டிங். பொங்கலுக்கு முன்னால் தூங்க நேரமிருக்காது. வேலையில் மதுரைப் பேச்சில் 'அண்ணே', வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊர்ப் பேச்சில் 'அண்ணை'. கூடல் நகர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் பூசிய வீடுகளை இன்றும் மனைவிக்குக் காட்டுவேன்.

போன வருஷம் முழங்கால் விட்டுப்போனது. சாரத்தில் ஏறினால் கால் நடுங்குகிறது. வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. மேஸ்திரியின் போன் குறைந்தது, பிறகு நின்றது. நானாகக் கூப்பிட்டால் "சொல்றேன்ணே, வேலை வரட்டும்" என்பார். அவர்மேல் கோபமில்லை. மூன்றாம் மாடியிலிருந்து நான் விழுந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததற்கு ஒரு தாள்கூடக் கையில் இல்லை. 2021இல் தமிழக அரசு உயர்த்திய, முகாம்காரருக்கான உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000. எங்கள் இருவருக்கும் 2,500. மருந்தும், மகள் கல்யாணக் கடனும் அதற்குள் அடங்காது. வங்கியில் ஈடு கேட்டால் காட்ட எங்களுக்கு நிலமா இருக்கிறது? எதுவும் கேட்காமல் கொடுப்பவர் வார வட்டிக்காரர்தான். 2019இல் அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று நாடுகளின் பெயர் வந்தது, இலங்கை வரவில்லை. அன்று இரவு எங்கள் வரிசையில் யாரும் சரியாகப் பேசவில்லை.

என்னோடு அதே படகில் வந்த ஓர் அண்ணை பக்கத்து வரிசையில் இருக்கிறார். அவருக்கும் வேலை நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழும்பவே இல்லை. "நான் இருந்து என்ன பிரயோசனம், தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். அதே கேள்வி எனக்குள்ளும் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பயந்துபோய், அரசின் இலவச மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். தமிழிலேயே பேசினார்கள், வெகுநேரம். அண்ணை அழுதார். அவர் அழுது நான் கடைசியாகப் பார்த்தது படகில்.

இப்போது இருவரும் தரையில் நின்று செய்யக்கூடிய வேலையாகத் தேடிப் பிடிக்கிறோம். கேட், ஜன்னல் கம்பி, காம்பவுண்ட் சுவர். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் இருக்கும் நாளில் வெளியே போக முடியாது. அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து பிரஷ்களைத் தின்னரில் ஊறவைத்துக் கழுவுகிறோம். அண்ணை கழுவினால் ஒரு இழைகூட உதிராது.