கைக்குழந்தையோடு கும்பகோணம்: நாலு நாளில் நிதானமாக ஒரு தல யாத்திரை

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம். விடியுமுன் கும்பகோணத்தில் கிளம்பி, திங்களூரில் தொடங்கி, இரவு நடை சாத்துவதற்குள் திருநள்ளாற்றில் முடிக்கிற வண்டிகள் உண்டு. பெரியவர்களுக்கு அது சரிப்படும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கூட வந்தால் மூன்றாவது கோயிலிலேயே எல்லாம் குலைந்துபோகும். பல கோயில்களுக்கு நடுவே அரை மணி ஓட்டம்தான். வண்டி கிளம்பியதும் குழந்தை கண்ணயரும். நன்றாகத் தூங்கத் தொடங்கும்போது அடுத்த கோபுரம் வந்துவிடும். பாதித் தூக்கத்தில் எழுப்பித் தூக்கிக்கொண்டு போனால் சந்நிதியில் அழாமல் என்ன செய்யும்? அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாவின் மனசும் சாமியிடம் நிற்காது.

டெல்டாக் கோயில்கள் பெரும்பாலும் காலை 6 மணி வாக்கில் திறந்து 12, 12.30க்கு நடை சாத்துகின்றன. மாலை 4க்குத் திறந்து 8, 8.30 வரை. இந்த மதிய இடைவெளியை வீணாகும் நேரமாக நினைத்து, அதற்குள் தஞ்சாவூர் போய்வரலாமா என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். சுவாமிக்கு நடை சாத்துகிற அந்த நாலு மணி நேரம்தான் பிள்ளை சாப்பிட்டுப் படுத்து எழ வேண்டிய நேரம். கோயில் ஒழுங்கும் குழந்தையின் உடம்பும் இங்கே தானாகவே ஒத்துப்போகின்றன. அதோடு சண்டை போடாமல் இருந்தாலே யாத்திரை பாதி நிறைவேறிவிடும். காலையில் இரண்டு கோயில், மதியம் அறை, மாலையில் ஒன்று. ஒரு வயதுக்குள் என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவே நிறைவு.

பெரியவர்கள் முக்கால் மணியில் முடிக்கிற தரிசனத்துக்குக் குழந்தையோடு ஒன்றரை மணி ஒதுக்குங்கள். செருப்பு விடுவது, சிறுநீர் கழிக்க வைப்பது, பால் கொடுப்பது, யானைச் சிற்பத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். 6.30க்கு முதல் கோயிலில் இருந்தால் 10.30க்குள் இரண்டையும் முடித்து வண்டியில் ஏறிவிடலாம். வெயில் நாட்களில் அதற்கு மேல் பிரகாரக் கருங்கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. பெரியவர்களின் பாதம் தாங்குகிற சூட்டைப் பிள்ளையின் பாதம் தாங்காது. நார் விரிப்பு போட்டிருந்தாலும் அதை விட்டு வெளியே ஓடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். பருத்திக் காலுறை சூட்டுக்கு உதவும். ஆனால் அபிஷேக நீரும் விளக்கின் எண்ணெயும் சிந்திய தரையில் அதுவே வழுக்கும். உள்ளே நுழைந்ததும் கழற்றிவிடுங்கள். செருப்பை வண்டியிலேயே விடுவதாக இருந்தால் முதலில் கோபுர வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிறகு வண்டியை நிறுத்தப் போங்கள்.

நாள் குறிக்கும்போது தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மாலை 4.30 முதல் 6 வரை சிவன் கோயில்களில் பிள்ளையை இறக்கிவிட இடம் இருக்காது. கிருத்திகையன்று சுவாமிமலை, செவ்வாயன்று வைத்தீஸ்வரன்கோயில், வியாழனன்று ஆலங்குடி, சனியன்று திருநள்ளாறு, ஞாயிறன்று சூரியனார்கோயில்: அந்தந்த நாளுக்குரிய விசேஷம் பெரியது, கூட்டமும் அப்படியே. குறிப்பிட்ட கிழமைக்கு நேர்ந்துகொண்டிருந்தால் ஒழிய, கைக்குழந்தையோடு வேறு கிழமையில் போவதில் தப்பே இல்லை. முகூர்த்த நாட்களையும் பாருங்கள்; கல்யாணக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, உப்பிலியப்பன் கோயில் பக்கம் வண்டி நிறுத்தவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சித்திரை, வைகாசி வெயில் சொல்ல வேண்டியதில்லை. தையும் மாசியும்தான் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பள்ளி விடுமுறையில்தான் வர முடியும் என்றால் காலைக் கோயில்களை 9.30க்குள் முடித்துவிடுங்கள்.

கும்பகோணத்திலேயே ஒரே அறையில் எல்லா இரவும் தங்குங்கள். தினம் ஒரு ஊரில் படுக்கை மாறினால் இரண்டாம் இரவே குழந்தை தூங்க மறுக்கும்.

வந்து சேர்கிற முதல் நாளில் கோயில் வேலை அதிகம் வைக்காதீர்கள். மாலை 5 மணிக்கு மேல் ஆதிகும்பேஸ்வரர் மட்டும் போதும். நீண்ட மண்டபத்தில் நடந்து உள்ளே போகும்போதே பிள்ளைக்குக் கொடிமரத்தைக் காட்டிவிடுங்கள். "வழி தெரியலைன்னா இங்க வந்து நில்லு, அப்பா இங்கதான் வருவேன்" என்று ஒவ்வொரு கோயிலிலும் முதல் வேலையாகச் சொல்லுங்கள். கொடிமரம் உயரமானது, மூன்று வயதுப் பிள்ளைக்கும் அடையாளம் தெரியும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதித்து உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதனால் உள்ளே ஒருவரை ஒருவர் போனில் பிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். வெளியே வண்டியில் இருக்கும் ஒருவரின் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதி, சட்டைப் பையிலும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்.

இரண்டாம் நாள் காலை திருமங்கலக்குடி, பிறகு சூரியனார்கோயில். திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரை முதலில் வணங்கிவிட்டுத்தான் சூரியனார்கோயிலுக்கு வருவது மரபு, இரண்டும் அருகருகே. சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்குச் சூரியனார்கோயில் பெரிய வரம். மூலவராகச் சூரியன் நடுவில் இருக்க, மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் அதே கோயிலுக்குள் தனித்தனிச் சந்நிதி. ஒன்பது ஊர் அலைய முடியாத வயதில் குழந்தை இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். இந்த ஒரு பிரகாரத்தில் ஒன்பது பேரையும் மனதாரக் கும்பிட்டுவிட்டு வரலாம். தாத்தா, பாட்டியிடம் இதை ஊரிலேயே பேசிவிடுவது நல்லது. "ஒன்பதும் பார்க்கணும்" என்று அவர்கள் எதிர்பார்த்து வந்து, நடுவில் நிறுத்தினால் வருத்தம் யாத்திரை முழுக்க வரும். பிள்ளை உற்சாகமாக இருந்தால் அருகில் உள்ள கஞ்சனூர் சுக்கிரனையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணைக் கசக்கத் தொடங்கினால் நேரே அறைக்குத் திரும்புங்கள்.

எந்தக் கோயிலிலும் உள்ளே நுழையும்போதே அர்ச்சனைச் சீட்டுக் கொடுப்பவரிடம் "அபிஷேகம் எப்போ? திரை போட்டிருக்கா?" என்று கேளுங்கள். கேட்காமல் வரிசைக்குள் போய் நின்றபின் திரை விழுந்தால் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். கம்பித் தடுப்புக்குள் இருந்து திரும்பி வருவது பெரும்பாடு. திரை போட்டிருந்தால் அதற்குள் பிரகாரம் சுற்றி, பால் கொடுத்து முடித்துவிடலாம். தீபாராதனையில் மணியும் மின்சார முரசும் சேர்ந்து ஒலிக்கும்போது சில குழந்தைகள் அலறிவிடும். அப்படிப்பட்ட பிள்ளை என்றால் பெரியவர்கள் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் பிள்ளையோடு கொடிமரத்தடியில், பிறகு மாறிக்கொள்ளலாம். ஆரத்தித் தட்டின் மேல் பிள்ளையைச் சாய்க்க வேண்டாம், உங்கள் கையால் ஒற்றி அதன் கண்ணில் வையுங்கள். பட்டுப்பாவாடை அழகுதான், ஆனால் பட்டு மாதிரி தெரிகிற செயற்கை இழைப் பாவாடை அகல்விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் ஆபத்து. பருத்தியே உடுத்துங்கள்.

இரண்டாம் நாள் மாலை தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் காலத்து ஐராவதேஸ்வரர் கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுற்றிலும் புல்வெளி இருப்பதால் பிள்ளைகள் ஓடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாச் சிற்பத்தையும் காட்ட முயலாதீர்கள். தேர் வடிவ மண்டபத்தின் சக்கரத்தையும், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் மட்டும் காட்டுங்கள். ஒரு பக்கத்தைக் கையால் மூடினால் யானை, மறுபக்கத்தை மூடினால் காளை. நாலு வயதுப் பிள்ளை அதன் முன்னாலேயே கால் மணி நேரம் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் வைத்தீஸ்வரன்கோயில். ஏறக்குறைய 50 கி.மீ., ஒன்றரை மணிப் பயணம். 5.30க்குக் குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கி வண்டியில் போடுங்கள், 7 மணிக்கு அங்கே எழுந்துகொள்ளட்டும். பால் குடித்த கையோடு வண்டியில் ஏற்றினால் வளைவுச் சாலையில் வாந்தி எடுக்கும். முக்கால் மணி கழித்துக் கிளம்புவது நல்லது.

மொட்டை போடும் வேண்டுதல் இங்கே பல குடும்பங்களுக்கு உண்டு. இதை அவசரமாகச் செய்தால்தான் கெட்டுப்போகும். பசியோ தூக்கமோ இருக்கும் பிள்ளைக்குக் கத்தி வைக்கக் கூடாது. எழுந்து, கொஞ்சம் சாப்பிட்டு, விளையாடும் நேரம் பார்த்து உட்காருங்கள். புது பிளேடைக் கண்முன்னே பிரித்துப் போடச் சொல்லுங்கள். முடியை வெதுவெதுப்பான நீரால் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைத்தால் கத்தி இழுக்காது. முடி உலர்ந்திருந்தால் வெட்டுக்காயம் எளிதில் வரும். மடியில் வைத்திருப்பவர் ஒரு கையால் நெற்றியையும் மறுகையால் தாடையையும் பிடிக்க வேண்டும், கைகளை இன்னொருவர் பிடிக்கட்டும். முகத்துக்கு நேரே குனிந்து தாய் பேசிக்கொண்டே இருந்தால் தலை திரும்பாது. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தலையைத் துடைத்து, காயம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின் சந்தனத்தை மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் காய்ந்து இறுகி அரிக்கும். காது குத்துவதும் அன்றைக்கே என்றால், மொட்டைக்குப் பின் ஒரு மணி இடைவெளி விட்டுப் பிள்ளை தெளிந்தபிறகு தாய்மாமன் மடியில் உட்காரட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் இரண்டையும் தள்ளிப்போடுங்கள். வைத்தியநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார். தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை 2021இல் அரசு நீக்கியது.

கோயில் குளமான சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படியில் பாசி இருக்கும், கையை விடாதீர்கள். அந்த நீரைத் தலையில் தெளிக்கலாம், வாயில் விட வேண்டாம். பிரசாதத்திலும் சில கவனங்கள்: ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பதால் பஞ்சாமிர்தத்தை நாக்கில்கூடத் தொட்டு வைக்காதீர்கள். இங்கே மருந்துப் பிரசாதமாகத் தரும் திருச்சாந்து உருண்டையையும் பெரியவர்களே எடுத்துக்கொள்ளலாம். விபூதியைக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஊதுவது வழக்கமாகிவிட்டது. நீரில் குழைத்து நெற்றியில் இட்டால் மூச்சில் போகாது. கற்பூரப் பொட்டலத்தை மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் வலிப்பே வரும். அர்ச்சனைப் பையைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தோள்பையில் இவை போதும்: மாற்று உடுப்பு ஒன்று (வண்டியில் இன்னும் இரண்டு), துண்டு, காய்ச்சி ஆறிய நீர், பிளாஸ்கில் வெந்நீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், கால் கால் பங்காகப் பிரித்தால் அளவு தப்பும். பால்பொடியை முன்கூட்டியே கலந்து எடுத்துப் போகாதீர்கள், கொடுக்கும்போது கலந்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். தள்ளுவண்டி உயரமான நிலைப்படிகளில் பயன்படாது. தோளில் கட்டும் துணித்தூளியே மேல். காலைக்கு இட்லி, மதியம் தயிர்சாதம். புது ஊர்ச் சாப்பாட்டை மாலையில் அறைக்கு வந்தபின் கொஞ்சமாகப் பழக்கலாம்.

மூன்றாம் நாள் மாலை வேறெங்கும் வேண்டாம். பிள்ளை தெம்பாக இருந்தால் மட்டும் ராகு தலமான திருநாகேஸ்வரம். ஞாயிறாக இருந்தால் 4.30 முதல் 6 வரை ராகுகாலப் பாலபிஷேகக் கூட்டம் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

நாலாம் நாள் காலை சுவாமிமலை. அறுபது படிகள், தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரில். பிரணவப் பொருள் கேட்க அப்பா சீடராக உட்கார்ந்த கதையை முந்தின இரவே சொல்லிவையுங்கள். அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்றால் எந்தக் குழந்தையும் படியேற அடம்பிடிக்காது. பிறந்த வருடத்தின் பெயர் எந்தப் படி என்று தேடிக்கொண்டே ஏறட்டும். தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் வேட்டியையோ புடவையையோ சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். 9 மணிக்குள் இறங்கி, சாப்பிட்டு, மதியத் தூக்க நேரத்தில் பயணம் இருக்கும்படி ஊருக்குக் கிளம்புங்கள்.

திருக்கருகாவூரில் வேண்டிப் பிறந்த குழந்தை என்றால் இந்த வரிசையை மாற்றி, இரண்டாம் நாள் காலையை முழுதாகக் கர்ப்பரட்சாம்பிகைக்கே கொடுங்கள். தொட்டிலில் இடும் பிரார்த்தனைக்கு முன்னால் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, உடுப்பை மாற்றிவிடுங்கள்.

திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மூன்றையும் கும்பகோணத்திலிருந்து போய்வர முயல வேண்டாம். அடுத்த முறை மயிலாடுதுறையில் தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். திங்களூரைத் திருவையாறு, தஞ்சைப் பெரிய கோயிலோடு சேருங்கள். பெரிய கோயில் மட்டும் மாலை 5 மணிக்கு மேல், தரை ஆறியபின். ஆலங்குடிக்கு வியாழன் தவிர வேறு எந்தக் காலையும் சரி.