ஜெப்பர்டி: கட்டைவிரலும் கணக்கும்

அமெரிக்காவின் ஜெப்பர்டி என்ற தொலைக்காட்சி வினாடி வினா மேடையில் நிற்கும் மூவருக்குமே பெரும்பாலான விடைகள் தெரியும். வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள்: முதல் கட்ட இணையத் தேர்வில் 50 வினா, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மதிப்பெண்ணைச் சொல்லவே மாட்டார்கள். கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சிகளைப் போல நான்கு விடைகளைக் காட்டி யோசிக்க விடுவதும் கிடையாது. ஆகவே ஓரளவு தேறியவர்கள், மேலும் உருப்போடுவதைவிட பஸ்ஸருக்கும் (விடை சொல்ல முந்தி அழுத்தும் பொத்தான்) பந்தயக் கணக்குக்கும் நேரம் ஒதுக்குவது நல்லது.

தொகுப்பாளர் கென் ஜென்னிங்ஸ் வினாவைக் கடைசிச் சொல் வரை வாசித்த பிறகுதான், மேடைக்கு வெளியே இருக்கும் ஊழியர் பஸ்ஸரைத் திறந்துவிடுவார். அப்போது, தலைப்புவாரியாக வினாக்கள் அடுக்கிய பலகையின் இருபுறமும் விளக்கு எரியும். வீட்டில் பார்ப்பவர்கள் கண்ணில் அது படாது. அதற்கு முன்பே அழுத்தினால் கால் விநாடி உங்கள் பஸ்ஸர் முடங்கும், அந்த இடைவெளியில் பக்கத்திலிருப்பவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். சரி, விளக்குக்காகக் காத்திருக்கலாம் என்றால், கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிவிடும். கடைசி அசையின் தாளத்தைக் காதால் பிடித்து அழுத்துகிறவருக்கே வாய்ப்பு அதிகம். வீட்டிலும் நின்றுகொண்டே, கையில் தடித்த பேனாவுடன் பழகுங்கள். 2019-ல் 32 ஆட்டங்களை வென்ற ஜேம்ஸ் ஹோல்ஜாவர், பென்சிலில் டேப் சுற்றித்தான் பழகினார். தெரியாத துறைகளுக்கு அவர் படித்தது நூலகத்துச் சிறுவர் புத்தகங்கள், கூச்சப்படாமல் காப்பியடிக்கலாம்.

டெய்லி டபுள் என்பது சேர்த்த தொகையிலிருந்து பந்தயம் கட்டி விடை சொல்லும் மறைந்த வினா. முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. பெரும்பாலும் கீழ் மூன்று வரிசைகளில் ஒளிந்திருக்கும், மேல் வரிசையில் அபூர்வம். வலுவான தலைப்பு என்றால் அங்கே கீழிருந்து தேடுங்கள்.

கைக்கு வந்த ஆட்டம் நழுவுவது இறுதி வினாவில்தான். அதில் மூவரும் தம் தொகையிலிருந்து பந்தயம் கட்டுவார்கள்; விடை சரியென்றால் கட்டியது கூடும், தவறென்றால் கழியும். முதலாமவர் 16,000, இரண்டாமவர் 12,000, மூன்றாமவர் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் அத்தனையும் கட்டி ஜெயித்தால் 24,000. அதைத் தாண்ட முதலாமவர் 8,001 கட்டுவார். விடை தவறினால் அவர் 7,999-க்கு இறங்கிவிடுவார். இரண்டாமவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணை. மூன்றாமவர் அதிகபட்சம் எட்டக்கூடியது 10,000. எனவே 1,999-க்கு மேல் கட்டாவிட்டால், இரண்டாமவர் விடை தவறினாலும் 10,001-க்குக் குறையமாட்டார். முதலாமவர் சறுக்கியதும் வெற்றி அவருக்கே. ஆனால் பலர் வீராப்பாக முழுத்தொகையையும் கட்டி, முதலாமவரோடு சேர்ந்து தாமும் கவிழ்கிறார்கள். பதற்றத்தில் மனக்கணக்கு ஓடாது. இது போன்ற மூன்று எண்களை வைத்து வீட்டிலேயே தினமும் போட்டுப் பாருங்கள்.

விடையைக் கேள்வி வடிவில் ('காந்தி யார்?' என்பதுபோல) சொல்ல வேண்டும். முதல் சுற்றில் மறந்தால் நினைவூட்டுவார்கள். இரண்டாவதில் அந்தச் சலுகை இல்லை. இறுதி விடையில் எழுத்துப்பிழை பரவாயில்லை, உச்சரிப்பு மாறக்கூடாது. 2013-ல் ஒரு சிறுவன் இமான்சிப்பேஷன் (விடுதலை) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் கூடுதலாக ஒரு 'ட்' நுழைத்து எழுதினான். விடை தெரிந்திருந்தும் தவறு என்றே தீர்ப்பானது.