கட்டணம்: பூஜ்யம்

ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் "சமூகப் பணிக் குழுவை இந்தத் தடவை யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கவில்லை. குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் என் பெயர் குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

அப்போது நான் ஆர்க்கிடெக்ட் ஆகி 11 வருஷம். எல்லாம் ஒரே அலுவலகத்தில். படிக்கட்டு, கழிப்பறை, கதவு ஜன்னல் அட்டவணை என்று வரைபடம் போட்டே தேய்ந்திருந்தேன். ஒரு கட்டிடத்துக்கு ஆதியோடந்தமாக நான் பதில் சொன்னதே இல்லை. காண்ட்ராக்டரோடு பேசுவது மூத்தவர்கள், பணத்தைப் பேசுவது முதலாளி. தலைமை என்ற சொல்லுக்கும் எனக்கும் நடுவே இவர்களெல்லாம் நின்றார்கள்.

குழுவுக்கு வந்த முதல் கோரிக்கை ஒரு சமூகக் கூடத்துக்குச் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கழிப்பறையும். சின்ன வேலைதானே என்று நினைத்தேன். ஆறு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து முன்வாசலுக்கு அழகான சாய்தளம் வரைந்தேன். கூரை, மரக் கைப்பிடி, பக்கத்தில் உட்கார ஒரு திண்டு. எலிவேஷன், அதாவது முகப்புப் படம், பிரமாதமாக வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால், கூடத்தின் காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்வாசலைத் திறந்தே மூணு வருஷமாச்சு மேடம். எல்லாரும் பின்பக்கமாத்தான் வராங்க" என்றார். வண்டி நிற்பது பின்னால், கழிப்பறை பின்னால், சாவியும் பின்கதவுக்கு. ஆறு வாரத்தில் ஒரு நாள், கூட்டம் நடக்கும் நேரத்தில் அங்கே போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நான் போனதெல்லாம் ஞாயிறு காலை, அளவெடுக்க.

பின்வாசலில் தரைக்கும் கதவுக்கும் 450 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். 1:12 சாய்வு, அதாவது 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்றால், 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் தனி. ஆனால் சமதளம் முடிகிற இடத்திலிருந்து 4.2 மீட்டரில் ஒரு கழிவுநீர் மேன்ஹோல். அதை நகர்த்தியே ஆகவேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வரைபடத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது காகித வேலை. "இலவசமாச் செய்யறோம், இதுக்கெதுக்கு ஒப்பந்தம்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அலுவலகத்தின் தொழில்முறைக் காப்பீட்டுக்காரர்தான் தெளிய வைத்தார். காசு வாங்கவில்லை என்பதற்காகப் பொறுப்பு குறையாது. கைப்பிடி கழன்று ஒருவர் விழுந்தால் வரைந்தவரைத்தான் கேட்பார்கள். வேலை அலுவலகத்தின் வழியாக, எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு நடந்தால்தான் எங்கள் பாலிசி தாங்கும்.

ஆக, முதலாளியிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரம்?" அறுபது என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதிலுக்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். சான்பிரான்சிஸ்கோவில் 2002-இல் தொடங்கிய பப்ளிக் ஆர்க்கிடெக்சர் என்ற அமைப்பு, அலுவலகங்கள் தங்கள் உழைப்பு நேரத்தில் 1 சதவீதத்தைப் பொதுப்பணிக்குத் தரும்படி கேட்டது. வாரம் 40 மணி, வருஷம் 52 வாரம்: 2,080 மணி. அதில் ஒரு சதவீதம் ஆளுக்கு 20 மணி சொச்சம். நாங்கள் 9 பேர், மொத்தம் 187 மணி. "அதுக்குள்ள முடி. மணியை எழுதி வை" என்றார். கறாரான மனிதர். ஆனால் யாரும் கேட்காமலே மூன்று மடங்கு நேரம் கொடுத்திருக்கிறார் என்பது வேலை முடியும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒப்பந்தக் கடிதம் இரண்டு பக்கம். என்னென்ன செய்வோம், எதெல்லாம் செய்யமாட்டோம், வரைபடத்தை எத்தனை முறை மாற்றித் தருவோம், கூடத்தின் தரப்பில் முடிவு சொல்லும் ஒரே ஆள் யார், எங்கே நிறுத்திக்கொள்வோம். கடைசியில் 'கட்டணம்: பூஜ்யம்'. அந்த ஒரே ஆள் என்ற வரி மட்டும் இல்லாவிட்டால் இந்த வேலை முடிந்திருக்காது. அதற்கு முன் கழிப்பறை டைல்ஸின் நிறத்துக்கே ஐந்து பேர் ஐந்து யோசனை அனுப்பினார்கள்.

சங்கத்துக்குள் இன்னொரு முனகல். தனியாகச் சின்ன அலுவலகம் நடத்தும் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "நீங்க சும்மா செஞ்சு கொடுத்தா எங்க பிழைப்பு?" நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். பழைய சண்டைதான் இது. அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் கழகம் கட்டணத் தள்ளுபடியையும் இலவசப் பணியையும் தடுக்கிறது என்று 1990-இல் அங்கே அரசே வழக்குப் போட்டு, தடுக்கமாட்டோம் என்று உடன்பாடு எழுதி வாங்கியது. அதே கழகத்தின் 1968 மாநாட்டில்தான் கறுப்பின மக்களின் சம உரிமைக்குப் போராடிய விட்னி யங், சமூகப் பிரச்சினைகளில் உங்கள் அடையாளம் இடிபோன்ற மௌனமும் முழுப் பொருத்தமின்மையும்தான் என்று மேடையிலேயே சாடினார். செய்தால் ஒரு குற்றம், செய்யாவிட்டால் இன்னொன்று. நாங்கள் எடுத்த முடிவு: ஆர்க்கிடெக்ட்டுக்குக் கட்டணம் தர வழியே இல்லாத இடங்களுக்கு மட்டும் போவது. அவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் கழிப்பறை வரைபடத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

தன்னார்வலர்கள் ஏழு பேர் சேர்ந்தார்கள், மூன்று பேர் மிஞ்சினார்கள். போனவர்கள் மேல் தப்பில்லை. 'உதவுங்கள்' என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் யார் எதைச் செய்வார்? கைப்பிடி விவரப் படம், வியாழக்கிழமைக்குள், இரண்டு மணி நேர வேலை என்று துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒருவரும் விலகவில்லை.

இப்போது மேன்ஹோலுக்கு வருகிறேன். கான்கிரீட் போட்டு நாலாம் நாள் சைட்டுக்குப் போனேன். பார்த்ததுமே உறுத்தியது. 1.2 மீட்டர் ரசமட்டத்தைக் கிடைமட்டமாக வைத்தேன். 1:12 என்றால் இறக்கப் பக்கத்தில் அதன் முனைக்கும் தளத்துக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி வரவேண்டும். 135 வந்தது. சாய்வு 1:9. மேன்ஹோலை நகர்த்தாமல் அதற்கு முன்னாலேயே சாய்தளத்தை முடித்துவிட்டார் காண்ட்ராக்டர். தன் கையாலேயே நாற்காலியை உருட்டி ஏறுபவருக்கு 1:9 என்பது மேடு அல்ல, சுவர்.

கோபமாக வரைபடத்தை விரித்தேன். அதில் '1:12' என்று இருந்தது. நீளம் இல்லை. இரண்டு முனைகளின் லெவல், அதாவது உயர அளவு, இல்லை. மேன்ஹோலை நகர்த்தச் சொன்ன குறிப்பு வேறொரு தாளில், பொதுக் குறிப்புகளில் 14-ஆவது. சென்ட்ரிங் அடிக்கிறவர் அந்தத் தாளைப் புரட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்! 11 வருஷ அனுபவம்.

அன்று இரவு குழுவுக்குக் கடிதம் எழுதியதுதான் இந்த முழு வேலையில் எனக்குப் பாரமான ஒரு மணி நேரம். மூன்று முறை எழுதி அழித்தேன். முதல் இரண்டிலும் காண்ட்ராக்டர் பெயர் முதல் வரியில் இருந்தது. மூன்றாவதில் என் வரைபடத்தின் குறை முதல் வரியில் போனது. உடைத்துத் திரும்பப் போட்டோம். பொருள் செலவு என்னுடையது, ஆள் கூலியை அவர் ஏற்றுக்கொண்டார். முந்தைய இரண்டு கடிதங்களில் ஒன்று போயிருந்தால் அவர் ஏற்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆப்பிரிக்காவின் பர்க்கினா ஃபாசோவில் தன் ஊரான காண்டோவுக்குப் பள்ளி கட்டிய ஆர்க்கிடெக்ட் பிரான்சிஸ் கேரே, பெர்லினில் மாணவராக இருந்தபோதே அதற்குப் பணம் திரட்டினார். பள்ளி 2001-இல் முடிந்தது. அதே மனிதருக்கு 2022-இல் கட்டிடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர். அந்தக் கட்டிடத்தின் கூரையை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இப்போதெல்லாம், அவர் யார் யாருக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பார் என்றுதான் யோசனை ஓடுகிறது.

எங்கள் சாய்தளத்துக்கு விருதெல்லாம் இல்லை. அடுத்த ஆண்டு அலுவலகத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டிடப் பிரிவை என் பொறுப்பில் விட்டார்கள். மதிப்பீட்டுக் கூட்டத்தில் முதலாளி நீளமாகக் கேட்டது என் வரைபடங்களைப் பற்றி அல்ல, அந்த உடைத்த கான்கிரீட்டைப் பற்றி.

பதவிக்காலம் முடிந்து கோப்பை அடுத்தவரிடம் கொடுத்தேன். ஒப்பந்த மாதிரி, வேலைத் துண்டுகளின் பட்டியல், மணிக் கணக்கு. "171 மணியா?" என்று அதிர்ந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். என் கையெழுத்தில் கடைசி வரி: 'பின்கதவு நிலைப்படி 20 மி.மீ. தூக்கல், சக்கரம் தடுக்குகிறது, இழைத்தது. 2 மணி.'