கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயும் கூந்தன்குளமும்

தமிழ்நாட்டில் பறவைகள் சரணாலயம் என்று பலகை வைத்திருக்கும் பல இடங்கள் காடே கிடையாது. வேடந்தாங்கல், கரிக்கிலி, சித்திரங்குடி, கூந்தன்குளம் எல்லாமே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டி வைத்த ஏரியும் குளமும் கண்மாயும்தான். தண்ணீர் நின்றது, மீன் பெருகியது, உள்ளே கருவேல மரங்கள் வளர்ந்தன, பறவைகள் வந்து சேர்ந்தன. அதனால் தை மாதம் தெற்கே கிளம்பும்போதே, பறவை பார்ப்பதோடு நிறுத்தாமல் அந்தக் கரைகளில் குடியிருப்பவர்களோடும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். 1977-ல் சரணாலயமாக அறிவித்த இடம், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம்தான்: வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். கரையில் ஏறி நின்றதுமே நத்தைகுத்தி நாரைகள்தான் கண்ணில் பட்டன. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவுவதற்கு அந்த அலகு கைகொடுக்கிறது என்கிறார்கள். குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். கூட்டில் இருந்தவற்றைத் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொண்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஐப்பசியில் பறவைகள் வந்து கூடு கட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டு போய்விடும் என்று பல பத்தாண்டுகளாகவே விட்டுவிட்டார்கள். வனத்துறை அதற்கு நன்றியாக ஊருக்கு இனிப்பு கொடுக்கிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், பிள்ளைகள் கேட்டு அழமாட்டார்களா ஐயா என்றேன். “அதுகதான் தம்பி எங்களுக்கே சொல்லும், சத்தம் போடாதீங்கன்னு” என்றார். பட்டாசை ஒரு வருடம் விடுவது பெரிய காரியமில்லை. தலைமுறை தாண்டியும் யாரும் மிரட்டாமல் அது நடக்கிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வேடந்தாங்கல் கதையும் இப்படித்தான் தொடங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவை சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

வேட்டங்குடியிலிருந்து மதுரை வந்து திருநெல்வேலி, அப்புறம் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். நாங்குநேரி தாலுகா. 1994-ல் சரணாலயமானது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டதாக 2022-ல் அறிவித்தார்கள். ஆனால் இந்த ஊரை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது குளம் மட்டுமில்லை. ஊருக்குள்ளேயே, வீட்டு வாசலில் நிற்கும் மரங்களில், தலைக்கு மேலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. கீழே கோழி மேய்கிறது, துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள், மேலே அத்தனை பெரிய பறவை இளஞ்சிவப்பு இறகு தெரிய இறங்கி, குஞ்சுகளின் முன்னால் மீனைக் கக்குகிறது. வளர்ந்த நாரைக்குக் குரலே அநேகமாகக் கிடையாது, அலகைத் தட்டித்தான் ஒலி எழுப்பும். கத்தித் தீர்ப்பதெல்லாம் குஞ்சுகள்தான்.

வெயில் ஏறினதும் பார்த்த காட்சியை நான் மறக்கமாட்டேன். ஒரு தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் கொடுத்து நின்று, சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் போட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றுவதும் உண்டாம். கூட்டைப் படம் எடுக்கக் கைதட்டிப் பறக்க வைக்கிறவர்கள் இதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தாய் எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காக்கை கொத்தும். கண்காணிப்புக் கோபுரத்தில் அப்படிக் கைதட்டிய நாலைந்து பேரை ஊர்ப் பையன் ஒருவன்தான் அதட்டி நிறுத்தினான்.

எச்சமும் மீன் வாடையும் வாசல் முழுக்க இருக்கிறதே, கஷ்டமாக இல்லையா அக்கா என்று ஒரு வீட்டில் கேட்டேன். “நாறத்தான் செய்யும், அதுக்காக வராதேன்னு சொல்லவா முடியும்? ஒரு வருசம் வரலைன்னா ஊரே வெறிச்சுன்னு கெடக்கும் தம்பி” என்றார். குளம் வற்றியதும் எச்சம் ஊறிய வண்டலை வயலுக்கு அள்ளிப் போகிறார்கள். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி இந்த ஊர்க்காரர்தான். பறவை பார்க்கிறவர்கள் பலருக்கும் கூந்தன்குளம் என்றாலே அவர் பெயர்தான் நினைவுக்கு வரும்.

குளத்து நடுவில் வரித்தலை வாத்துக் கூட்டம். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே குளிர்காலத்துக்கு வருபவை. கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, ஊசிவால் வாத்து, அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே காலையில் கிடைத்தன. பூநாரை மட்டும் அன்றைக்கு இல்லை.

கோபுரம், வேலி, அறிவிப்புப் பலகை எல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேராத வருடத்தில் இந்தக் குளத்தில் கூடு கட்ட ஒரு நாரையும் இறங்காது. சரணாலயத்துக்கு என்று செலவழிக்கிற பணத்தில் முதல் வேலையாக வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரி, சீமைக் கருவேலத்தை எடுத்து, தண்ணீர் ஒழுங்காக வந்து சேர வழி செய்ய வேண்டும். ஊர்க்காரர்கள் தங்கள் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், தண்ணீர் அவர்கள் கையில் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: வேட்டங்குடிக்குக் கார்த்திகை, மார்கழி, தை சரியாக இருக்கும். கூந்தன்குளத்துக்குத் தை முதல் பங்குனி வரை போகலாம், விடிந்ததும் கரையில் இருங்கள். ட்ரோன் வேண்டாம். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.