சேதி வந்து சேர்ந்த நாள்

எங்கள் அலுவலகம் அமெரிக்காவிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக இரவெல்லாம் கணக்கு எழுதுகிற இடம் என்பதால், எங்கள் விடுமுறைப் பட்டியலும் அந்த ஊர் நாட்காட்டியைப் பார்த்தே போடப்படுகிறது. பொங்கலுக்கு மூன்று நாள் கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர், ஜூன் 19 வந்தால் கேட்காமலேயே விடுப்புத் தந்துவிடுகிறார். பட்டியலில் அந்த நாளுக்கு நேரே ‘ஜூன்டீந்த்’ என்று இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் அது என்னவென்று விசாரிக்காமலேயே தூங்கிக் கழித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு, தண்டையார்பேட்டையில் ஒருவரும் கொண்டாடாத பண்டிகைக்கு எனக்கு மட்டும் எதற்கு லீவு என்று அம்மா கேட்டார். அவருக்குச் சொல்வதற்காகத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததை அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடப்புக்கு வந்துவிட்டது. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவை விட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் அன்றுமுதல் சுதந்திரமானவர்கள் என்றது அது. ஆனால் அதைச் செயல்படுத்தப் படை போய்ச் சேராத இடத்தில் அது வெறும் காகிதம். டெக்சாஸ் அப்படி ஒதுங்கிக் கிடந்த மாநிலம். அங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாகவே இருந்தார்கள். 1865 ஜூன் 19 அன்றுதான் கார்டன் கிரேஞ்சர் என்ற தளபதி கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரிலிருந்து, அவர்களுடைய விடுதலையை அறிவிக்கும் மூன்றாம் எண் ஆணையை வெளியிட்டார். ஜூன் என்பதையும் பத்தொன்பதுக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து அந்த மக்களே நாளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, மறு ஆண்டிலிருந்தே கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாடப் பொது இடம் கிடைக்காத நிலையில், ஹூஸ்டனில் விடுதலை பெற்றவர்கள் கூடிப் பணம் போட்டு 1872-இல் நிலமே வாங்கினார்கள். அது இன்றும் விடுதலைப் பூங்காவாக இருக்கிறது. 1980-இல் டெக்சாஸ் மாநில விடுமுறை. 2021-இல் நாடு முழுமைக்குமான விடுமுறை. என் மேலாளரின் பட்டியலில் அது ஏறியது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இதில் வியப்பாக இருந்தது அவர்கள் தேர்ந்தெடுத்த தேதி. லிங்கன் கையெழுத்திட்ட நாளை அவர்கள் எடுக்கவில்லை. நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் நிறைவேறிய 1865 டிசம்பர் 6-ஐயும் எடுக்கவில்லை, இத்தனைக்கும் கென்டக்கியிலும் டெலவேரிலும் அந்த டிசம்பர் வரை அடிமைகள் இருந்தார்கள். தங்கள் காதில் சேதி விழுந்த நாளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சேதி பல முதலாளிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டரை ஆண்டு என்பது வெறும் தபால் தாமதம் ஆகாது.

அந்த ஆணையின் பின்பாதியை விழாக்களில் எத்தனை பேர் அழுத்திப் படிப்பார்களோ, தெரியவில்லை. ‘அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள்’ என்று தொடங்குகிற அதே தாள், சில வரிகள் தள்ளி, விடுதலையானவர்கள் இப்போதிருக்கும் இடத்திலேயே அமைதியாகத் தங்கிக் கூலிக்கு வேலை செய்யுமாறு அறிவுறுத்துகிறது. சோம்பியிருப்பவர்களை ஆதரிக்க முடியாது என்று எச்சரிக்கவும் செய்கிறது. நேற்றுவரை சாட்டையோடு நின்றவன் இன்றுமுதல் முதலாளி, இவன் தொழிலாளி, இடம் மட்டும் அதே பருத்திக் காடு.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மா, “அப்போ எங்க தாத்தாவுக்குச் சேதி சொன்னது ஹார்பர் மச்சான்தான்” என்றார். அம்மாவின் தாத்தா, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பாதையை ஒட்டிய ஒரு சேரியில், ஆண்டையிடம் படியாளாக இருந்தவர். தானியமாகக் கூலியை அளந்து கொடுப்பதால் வந்த பெயர் அது; கடவுளைப் படியளக்கிறவன் என்று சொல்லும் நம் மொழியிலேயே இந்தச் சொல்லும் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக அவர் உழைத்தார், உழைப்பு முழுவதும் வட்டிக்குப் போனது, முதல் அப்படியே நின்றது. அண்ணன் கருமாதிக்கு வந்த மச்சான் ஒருவர், துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர், அங்கே அன்றாடக் கூலி அன்று சாயங்காலமே காசாகக் கைக்கு வருமென்றும், நீ யாருடைய ஆள் என்று மறுநாள் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துத் தாத்தா இருட்டில் கிளம்பித் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து கொருக்குப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது.

சட்டப்படி பார்த்தால் அவர் ஓடிவரவே தேவையில்லை. 1833-இல் பிரிட்டிஷ் பேரரசின் அடிமைமுறையை ஒழித்த சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை வெளியே விட்டுவிட்டாலும், 1843-இன் ஐந்தாம் சட்டம் இங்கே அடிமை மீது ஒருவர் உரிமை கோருவதை நீதிமன்றம் ஏற்காது என்று சொல்லிவிட்டது. அடிமை வைத்திருப்பதைக் குற்றமென்று அது சொல்லவில்லை. அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில், 1843-க்குப் பதினாறே ஆண்டுகளில், 1859-இல் இன்னொரு சட்டம் வந்தது: முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது. முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று வந்து பிறகு வெளியேயும் பரவிய அந்தச் சட்டம் 1925-இல் நீக்கப்பட்டது. தாத்தா வந்தபோது அது ஒழிந்து பத்தாண்டு ஆகியிருக்கும். அந்தச் சேதியும் அவருக்கு வரவில்லை. போலீஸ் பிடித்துப்போகுமென்று பயந்து, முதல் ஆறு மாதம் இரவில் இறக்கும் கப்பலுக்கு மட்டுமே வேலைக்குப் போனாராம்.

நம் நாட்டிலும் இதற்கென்று ஒரு நாள் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய 1976 பிப்ரவரி 9-ஐ நினைவுகூர்ந்து, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்தச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை அடியோடு ரத்து செய்தது. அவற்றை வசூலிக்க வழக்குக்கூடப் போட முடியாது. வட்டாட்சியர் அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் என் தோழி, உறுதிமொழி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு தேநீர் வரும் என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் உறுதிமொழி எடுப்பவர்களில் கொத்தடிமையாக இருந்தவர் ஒருவரும் இருப்பதில்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்தும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர்களும் ஒடிசாக்காரர்களும் மீட்கப்பட்ட செய்திகளை நாம் இந்த நூற்றாண்டிலேயே படித்தோம். அவர்களில் ஒருவருக்கு விடுவிப்புச் சான்றிதழ் கையில் கிடைத்த தேதி எதுவோ, அதுதான் அவருடைய ஜூன் 19. சான்றிதழ் கிடைத்த பிறகும் கால்வெஸ்டன் ஆணையைப் போலவே பின்பாதி ஒன்று இருக்கிறது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரையில். ஆளைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகையோ, முதலாளிக்குத் தண்டனை உறுதியாவதோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதுவரை பிழைப்புக்கு எங்கே போவது? பலருக்குத் தெரிந்த வேலை சூளை வேலைதான்.

அந்த ஜூன் 19 அன்று அம்மாவும் நானும் மின்சார ரயிலில் பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து பேருந்து பிடித்து அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தோம். அமெரிக்காவில் அன்று சிவப்புப் பானமும் தர்பூசணியும் சாப்பிடுவார்கள் என்று படித்திருந்தேன். அவர்களுடைய பண்டிகையை வேடம் போட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை, ஆனால் பேருந்து நிலையத்தில் அம்மா தானாகவே ரோஸ்மில்க் கேட்டபோது சிரித்துவிட்டேன். ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நேரம் இருந்ததால் பழவேற்காடு வரை போனோம். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. பஞ்சக் காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட சோழமண்டலக் கரை மக்களை, பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்தும் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. அம்மா உள்ளே வர மறுத்து ஏரிப்பக்கம் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில், தாத்தா அந்தக் கடனை ஒரு காசு பாக்கியில்லாமல் அடைத்த கதையை அம்மா மறுபடி சொன்னார். துறைமுகக் கூலியில் மிச்சம் பிடித்து, பொன்னேரிக்குப் போகிற ஆட்கள் கையில் கொடுத்தனுப்பி, நான்கு ஆண்டில் அறுபத்திரண்டு ரூபாய் கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது எப்போதும் பெருமையாகவே சொல்லப்பட்டு வந்த கதை. அப்படிப்பட்ட கடன் கடனே ஆகாது என்று பின்னால் வந்த சட்டம் சொல்லிவிட்டதை முதல்முறையாக அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, என் மீது. எண்ணூர் தாண்டும்வரை பேசவில்லை.

பிறகு, “அப்போ அந்த அறுபத்திரண்டு ரூபாயை யாரு திருப்பித் தரணும்?” என்று கேட்டார். வ.உ.சி. நகர் கடந்திருந்தது, இறங்குவதற்காக எழுந்து கதவருகே போனோம்.