சீசன் நாட்கள்: கன்னியாகுமரியிலிருந்து

2025 நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. விடியுமுன்பே ஐயப்ப பக்தர்களின் சரண கோஷம் கேட்டு எழுந்துவிட்டேன். இனி மகரவிளக்கு முடியும்வரை ஊருக்குத் தூக்கம் கிடையாது. ஆந்திரா, கர்நாடகா வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஏலத்தில் எடுத்த சீசன் கடையில் அம்மா சங்கும் பாசிமாலையும் அடுக்கிவிட்டாள். அப்பா போன பிறகு, இந்த இரண்டு மாத வியாபாரத்தில்தான் வருஷக் கடனை அடைக்கிறோம். அதனால் யாரும் வர வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 29, சனி

அண்ணனின் வலையில் இன்று மீனைவிடத் துணிதான் அதிகம். கறுப்பு வேட்டி மட்டும் ஏழு. முக்கடல் சங்கமத்தில் குளித்துவிட்டு உடுத்தியதை அப்படியே கடலில் விட்டுவிடுகிறார்கள். அது வலையில் முறுக்கிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாலை முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து வலை பொத்தினான். எனக்குத்தான் ஆத்திரம். "விடு மக்கா, அவுங்க நேர்ச்சை" என்றான்.

எனக்கு விட முடியவில்லை. கடைக்கு வந்த ஒரு குருசாமியிடம் கிழிந்த வலையைக் காட்டினேன். பெரியவர் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் தன் கூட்டத்துப் பையன்களைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். படித்துறையில் கிடந்த துணியையெல்லாம் அவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். சொன்னால் கேட்கிறார்கள். சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவர்கள் மொழியில் ஒரு பலகையாவது வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. லாட்ஜுகளுக்கு லாரி போகிறது.

டிசம்பர் 26, வெள்ளி

அலங்கார உபகார மாதா கோயிலில் காலைப் பூசை. சுனாமி வந்து 21 வருஷம். அன்று ஞாயிற்றுக்கிழமை, விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அலை அடங்குமுன்பே ஊர் வள்ளங்கள் போய் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தன. அப்பாவும் போனார். எங்கள் கடை அலையில் போனதைத் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தார்.

பூசை முடிந்து கடைக்கு வந்தால் படகுத்துறை வரிசை ரோடு வரை நிற்கிறது. பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்து ஒரு வருஷமாகப் போகிறது. 77 மீட்டர் பாலம், அதைப் பார்க்கவே தனிக் கூட்டம். வரிசையில் நின்ற ஒரு கோயம்புத்தூர் அக்கா, "இங்க ஆளுங்க குடியிருக்காங்களா, இல்ல எல்லாமே கடைதானா?" என்று கேட்டார். மாதா கோயில் கோபுரத்தைக் காட்டி, அதைச் சுற்றி இருப்பது எங்கள் ஊர் என்றேன். அப்பா பாறைக்குப் போன கதையையும் சொன்னேன்.

சாயங்காலம் அவரே தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாங்கி வைத்திருந்த தண்ணீரில் அம்மா கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, அந்த வள்ளம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது. அண்ணன் அதில்தான் கடலுக்குப் போகிறான்.