நேர்முகத் தேர்வில் கேட்டது என் எடையை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. விண்ணப்பம் சிக்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. வினையெல்லாம் நேர்முகத் தேர்வில்தான்.

சான்றிதழ் கோப்பை நீட்டினேன். மேலாளர் திறக்கக்கூட இல்லை. பாரத்தில் 'பெராட் பாடான்', அதாவது உடல் எடை, என்ற கட்டத்தில் விரலை வைத்து, "ஏன் எழுதல? எத்தனை கிலோ?" என்றார். சொன்னேன். "மாடிப்படி ஏறுவீங்களா? அடிக்கடி மெடிக்கல் லீவு எடுப்பீங்களா?" தோட்டத்துச் சம்பளப் பட்டியல், இ.பி.எஃப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் வருஷக்கணக்கில் போட்டவள் நான். அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "கொஞ்சம் இளைச்சிட்டு வாம்மா" என்று அனுப்பி வைத்தார். உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்கு இந்தப் பேச்சு! பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

சும்மா விடக்கூடாது என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கலாம், உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அது வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வேலை தேடிப் போகிறவருக்கு அதில் இடமில்லை. நியூயார்க் நகரில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எடையைக் காரணம் காட்டக்கூடாது என்று 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கேயும் வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படித் தலைகுனிந்து திரும்பியிருப்பார்கள்!

அடுத்த இடத்துக்குப் போகுமுன் தயாராகிவிட்டேன். பாரத்தில் எடைக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். உங்களிடம் கேட்டால், "இந்த வேலைக்கு அது எதுக்குங்க தேவைப்படுது?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். உட்கார்ந்ததுமே, "ஒரு மாதச் சம்பளப் பட்டியலைக் கொடுங்க சார், பார்த்துச் சொல்றேன்" என்றேன். அங்கிருந்த மேலாளர் கொடுத்தார். ஓவர்டைமுக்கும் இ.பி.எஃப் பிடித்திருந்தார்கள், ஓவர்டைமுக்கு அது கிடையாது, சொக்சோவுக்குத்தான் சேரும். காட்டினேன். அப்புறம் பேச்சு முழுக்கக் கணக்கைப் பற்றித்தான்.

வேலை கிடைத்துவிட்டது. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். சம்பளத்தை வாய்ச்சொல்லாக ஒத்துக்கொள்ளாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.